தாரிணியின் பாட்டுக் கம்பெனி

1

போன வாரம் என் அண்ணன் மகள் தாரிணியின் இசைக்குழுவுக்கு மூன்று வயது நிறைந்தது. பல்லடத்தில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடியில் கேக் வெட்டிய படம் குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்தது. சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் பூங்கொத்து பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். நான் ஜெர்மனியின் வடக்கு மூலையில், மழையில், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு 'வாழ்த்துகள் கண்ணு' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். பேருந்து வந்துவிட்டது. கடைசிவரை அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். பிள்ளைகளைக் கல்லூரியில் இசை படிக்கச் சேர்த்திருப்பவர்களும், சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களும் திருப்பூர்ப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதட்டுமா என்று தாரிணியிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை. என் பேரப் போட்டே எழுதுங்க" என்றாள்.

முதலில் என்னைப் பற்றி. நான் சாமளாபுரத்தில், தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். கோவையில் இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தேன். என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கேட்டது. அது வேறொன்றைக் கேட்டது. நடுவில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு மனுஷி எப்படி இருக்க முடியும் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. முடிவில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, என்னை 'திருமதி பழனிசாமி' ஆக்கினார்கள். பட்டம் செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் காதுக்கருவி பொருத்தும் கடை ஒன்றில் புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை இதுதான். வருகிறவரை வெளிச் சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கதவைச் சாத்த வேண்டும். வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்ப வேண்டும். கேட்டதும் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார். என் மேஜையில் ஒரு சிறிய விளக்கு எரியும். எந்த ஒலிக்கு விளக்கு எரியவில்லையோ, அந்த ஒலி அவருக்கு இல்லை என்று பொருள்.

ஆரம்பத்தில் மொழி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஜெர்மனில் 'கவனமாகக் கேளுங்கள்' என்பதற்கும் 'நிறுத்துங்கள்' என்பதற்கும் வினைச்சொல் ஒன்றுதான், கடைசியில் ஒட்டுகிற துண்டு மட்டும் மாறும். ஒரு பெரியவரிடம் கவனமாகக் கேளுங்கள் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மனிதர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். இன்றைக்கும் கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

2

தாரிணி பிளஸ் டூ முடித்ததும் இசை படிக்கப் போகிறேன் என்றபோது எங்கள் அண்ணன் கதிர்வேல் என்னைத்தான் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மிணி, பாட்டுப் படிச்சுப்போட்டு என்ன பண்றது? வித்து வாயில போட முடியுமா அதை?"

"அவ குரலுக்குப் படிக்கட்டுமே அண்ணா."

"குரலு நல்ல குரலுதான். அதை யாரு இல்லைன்னா?"

அந்தக் குரலுக்காகவே அவர் சம்மதித்தார். கோவையில் ஒரு கல்லூரியில் இளங்கலை இசையும் பிறகு முதுகலையும் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் அண்ணன் கேட்ட கேள்வி வகுப்பு மொத்தத்தின் முன்னாலும் வந்து நின்றது. பள்ளியில் இசை ஆசிரியர் வேலைக்கு அறிவிப்பு வரும் வரும் என்று ஒரு தோழி இன்னும் காத்திருக்கிறாள். இன்னொருத்தி அவிநாசி ரோட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் பனியன் சாம்பிள்களுக்கு டேக் ஒட்டுகிறாள். வீணையில் தங்கப் பதக்கம் வாங்கிய பையன் செல்போன் கடையில் நிற்கிறான்.

தாரிணி மட்டும் காத்திருக்கவில்லை. "வேலை யாரும் தரமாட்டேங்கறாங்கப்பா. நானே கம்பெனி ஆரம்பிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். கூடப் படித்த பிரவீன் அவளோடு சேர்ந்தான். அவனுக்குக் கீபோர்டும் தெரியும், ஒலிக்கருவிகளும் தெரியும். பகலில் பல்லடத்து மாடியில் குழந்தைகளுக்கு வகுப்பு. முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கடைத் திறப்பு. ஊரில் அதைப் பாட்டுக் கம்பெனி என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். பனியன் கம்பெனி, சாயக் கம்பெனி, பாட்டுக் கம்பெனி.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கும் ஆண்டு விழாவுக்கும் கச்சேரி வைப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். மேடையில் தமிழ்ப் பாட்டு மட்டும் ஓடும். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தாரிணி ஒடியாப் பாட்டும் போஜ்புரிப் பாட்டும் கற்றுக்கொண்டாள். அவள் முதல் தடவை ஒடியாவில் பாடியபோது தையல் செக்ஷன் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று அழுதார்களாம். அதன் பிறகு காதர்பேட்டை மொத்த வியாபாரிகள்கூட, வெளி மாநிலத்துக் கொள்முதல்காரர்கள் வருகிறார்கள் என்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். இங்கே நான் சக ஊழியர்களிடம் அவள் வீடியோக்களைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

3

போன வருடம், இங்கே ஆடி ஆவணியில் வருகிற கோடை விடுமுறைக்கு, மகள் மித்ராவோடு ஊருக்குப் போனேன். மித்ராவுக்குப் பதினைந்து வயது. தமிழில் அவளுக்கு மரியாதை ஒட்டவே ஒட்டாது. அண்ணனைப் பார்த்து "மாமா, நீ உட்கார்" என்றாள். வீட்டில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன்தான் சிரித்துக்கொண்டே, "உட்காந்துட்டனுங்க கண்ணு" என்றார். அவள் அதன் பிறகு வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தாள்.

ஒரு காலை அண்ணி சமையற்கட்டிலிருந்து, "அந்தத் தட்டை எடுத்துட்டு வா சாமி" என்று கூப்பிட்டார். தாரிணி உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். அண்ணி, "பாட்டு நெனப்புலயே இருப்பா இவ" என்று தலையில் தட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் தட்டு, பட்டு என்ற இரண்டு சொற்கள் என் மனதில் தனியாக ஒதுங்கி நின்றன. அந்த மாதிரி இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறவர்களைத் தினமும் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அன்று மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த நேரத்தில் தாரிணி மேஜையில் தலை குனிந்து பாட்டு வரிகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே மித்ரா கழற்றி வைத்த கைக்கடிகாரம் அலாரம் அடித்தது. மெல்லிய, கூர்மையான பீப் சத்தம். அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அடுத்த அறையிலிருந்து மித்ரா ஓடி வந்து அதை அணைத்தாள். தாரிணி அப்போதுதான் நிமிர்ந்து, "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் இதை யாரும் கவனிக்க வழியே இல்லை. தறி ஓடுகிற வீடுகளில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். ஒருத்தருக்குக் கேட்கவில்லை என்பது இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் ஊர் அமைதியாக இருக்க வேண்டும்.

ஆவணி முகூர்த்தத்தில் அவிநாசியில் ஒரு வரவேற்புக்குத் தாரிணியின் குழுவோடு போனேன். அவள் நன்றாகத்தான் பாடினாள். சுருதி இம்மியும் விலகவில்லை. மேடையில் அவளுக்கு முன்னால், அவள் குரல் அவளுக்கே கேட்பதற்காக, சரிவான பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள். இடைவேளையில் பிரவீன் என்னிடம் வந்தான்.

"அக்கா, நீங்க காது சம்பந்தமான வேலைதானுங்க பாக்கறீங்க? ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு தம்பி."

"தாரிணி அந்தப் பெட்டியில சத்தம் பத்தல, ஏத்து ஏத்துங்கறா. ஒவ்வொரு கச்சேரிக்கும் கொஞ்சம் ஏத்திட்டுத்தானுங்க வர்றேன். இப்ப என்னாலயே அது பக்கத்துல நிக்க முடியறதில்லீங்க." மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அப்பறம் ஒடியாப் பசங்க ஒரு நாள் சொன்னாங்க. அக்கா முன்ன மாதிரி பாடறதில்ல, வார்த்தையெல்லாம் மாறுதுன்னு. ராகம் சரியா இருக்குது, எழுத்துதான் மாறுதாமுங்க."

ராகம் சுருதியில் கீழே இருக்கிற ஒலிகளில் இருக்கும். ச, த, ப, க என்கிற எழுத்துகளின் விளிம்பு மேலே இருக்கும். காது கெடும்போது மேலே இருப்பதுதான் முதலில் போகும். இதை நான் பிரவீனிடம் சொல்லவில்லை.

4

"சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வருவோம், அத்தை ஆசைக்கு" என்று சொல்லித்தான் தாரிணியைக் கோவையில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பரிசோதனை செய்யும் பெண் நானும் இதே வேலை பார்க்கிறவள் என்று அறிந்ததும், தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

தாரிணி உள்ளே போனாள். கதவு மூடியது. கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் ஒலிகளுக்கு விளக்கு உடனே உடனே எரிந்தது. அந்தப் பெண் மேல் ஒலிகளுக்குப் போனாள். விளக்கு தாமதித்தது. இன்னும் மேலே போனாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாரிணி அதே சிரிப்போடு, பொத்தானில் விரலை வைத்தபடி, அடுத்த ஒலிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். பரிசோதிக்கும் பெண் என்னைத் திரும்பிப் பார்க்காமல் குறித்துக்கொண்டே போனாள்.

வெளியே வந்த தாரிணி கேட்டாள்: "நடுவுல மெஷின் நின்னுபோச்சுங்களா அத்தை? ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல."

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறந்ததிலிருந்து தறிச் சத்தம். அதோடு இந்த இரண்டு வருட ஸ்பீக்கர். போன நரம்பு திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் பெருஞ்சத்தத்தை விட்டு விலக வேண்டும். பிறகு, "காதுக்குள்ள ஏதாவது இரைச்சல் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"கீச்சுனு ஒண்ணு எப்பவும் இருக்குமுங்க. தறி நின்ன பொறவும் ஓடற மாதிரி." தாரிணி என்னைப் பார்த்தாள். "அது எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே?"

டாக்டர் அதையும் சீட்டில் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது சூலூர் தாண்டியதும் கேட்டாள்: "இன்னும் எத்தனை நாளைக்குப் பாடலாமுங்க?"

"இதே மாதிரி மேடையில நின்னா சொல்ல முடியாது கண்ணு. வேற மாதிரி பண்ணலாம். காதுக்குப் பாதுகாப்பு வெச்சுக்கிட்டு, சத்தத்தைக் குறைச்சு..."

"குறைச்சா யாரு கூப்பிடுவாங்க? சத்தம் பத்தலைன்னுதான் முதல் கச்சேரியிலயே எங்களத் திட்டுனாங்க." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. எனக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு இல்லீங்க. அந்தத் தறியிலதான் எல்லாத்தையும் படிக்க வெச்சாரு. அதுனாலதான் இப்படி ஆச்சுன்னா தாங்கமாட்டாரு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

5

இங்கே வந்ததும் செய்த முதல் வேலை, பாடகர்கள் போட்டுக்கொள்ளும் காதடைப்பான் ஒரு பெட்டி நிறைய வாங்கி அனுப்பியது. இசையை மங்கவிடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கிற சாமான். பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. இது மருத்துவக் கருவியா, மின்னணுச் சாமானா, வியாபாரச் சரக்கா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெறும் ரப்பர் துண்டு என்று பதில் எழுதினேன். ரப்பர் என்றால் அதற்கு வேறு சான்றிதழ் என்றார்கள். சலித்துப்போய் விளக்கம் எழுதுவதை நிறுத்தினேன். குளிர்காலம் தொடங்கும்போது பார்சல், மூலை நசுங்கி, என் வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

அதற்குள் தாரிணி என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தாள். கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, 'கிளாஸ்ல இருந்தேங்க அத்தை, மெசேஜ் பண்ணுங்க' என்று எழுதுவாள். போனில் பேசினால், காது இன்னும் மோசமாகியிருப்பதை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தாள். நான் வேலையில் விளக்கு எரியாத ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பைப் பார்த்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோ வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆண்டு விழா. யாரோ தொழிலாளி போனில் எடுத்தது, கைமாறிக் கைமாறிக் குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போட்டேன். எதிரில் மித்ரா உட்கார்ந்திருந்தாள்.

தாரிணி பச்சைப் புடவையில் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கூட்டத்தில் ஒரு அசைவு. முன் வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. பிறகு பார்க்கப் பார்க்க எல்லாரும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிரவீன் தலைதெறிக்க ஓடி, ஒலிப் பெட்டியின் திருகுகளைத் திருகினான்.

"அம்மா, ஆஃப் பண்ணு!" மித்ரா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழுப்புகிற கீச்சொலி அது. ஊசி மாதிரி மேலே போய் நிற்கும். தறி வீட்டில் வளர்ந்த எனக்கும் அது எங்கேயோ தெருக்கோடியில் கேட்பது போலத்தான் இருந்தது. மேடையில் தாரிணி நிறுத்தவேயில்லை. காதைப் பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தபடி, கையை விரித்து, சரணத்தை முழுதாகப் பாடி முடித்தாள்.

இரண்டாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் முன் வரிசை ஓரத்தில் அண்ணன் தெரிந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், மகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் காதைப் பொத்தாமல் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

6

அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே, "வீடியோ பார்த்தியாம்மிணி? பாப்பா எப்படிப் பாடுச்சு?" என்றார் உரக்க.

"நல்லாப் பாடினா அண்ணா."

"அது என்னமோ நடுவுல எல்லாரும் காதப் பொத்துனாங்க. எதுக்குன்னே தெரியல. அவுங்களுக்குப் பாட்டு புடிக்கலையாட்ட இருக்குது."

வாக்குக் கொடுத்திருந்தேனே, அதனால் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்த வாக்குக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அந்த வீடியோவைத் தாரிணியும் பார்த்திருந்தாள். அவளும் முதலில் தன்னைப் பார்த்திருக்கிறாள், பிறகு அப்பாவைப் பார்த்திருக்கிறாள். அன்று மாலையே அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணி சொல்லித்தான் எனக்கு மற்றது தெரியும். அண்ணன் எழுந்து பட்டறைக்குப் போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினாராம். நிறுத்திவிட்டு அங்கேயே பாவு நூல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலை தறிகள் ஓடத்தான் செய்தன. துணி கொடுக்க வேண்டிய இடத்தில் என்ன காரணம் சொல்வது?

தாரிணி சித்திரையோடு மேடையை விட்டுவிட்டாள். ஒத்துக்கொண்ட கச்சேரிகளை மட்டும் முடித்துக் கொடுத்தாள். இப்போது காதுக்கருவி போட்டிருக்கிறாள். முடியை முன்னால் இழுத்து விட்டு மறைத்துக்கொள்கிறாள். வகுப்பு எடுக்கிறாள், கணக்குப் பார்க்கிறாள், கம்பெனிகளுக்குப் போய்ப் பேசிக் கச்சேரி பிடிக்கிறாள். இந்த முறை பிரவீனின் உறவுக்காரர் ஒருவர் இங்கிருந்து திரும்பும்போது அந்தக் காதடைப்பான் பெட்டியை அவர் கையில் கொடுத்தனுப்பினேன். பிரவீன் போட்டுக்கொள்கிறான். கச்சேரிக்குக் கச்சேரி வந்து பாடிப்போகிறவர்களுக்குத்தான் அது பிடிப்பதில்லையாம். தண்ணிக்குள் நின்று பாடுவது போல இருக்கிறதாம்.

கேக் படம் வந்த அன்று சாயங்காலம் தாரிணியே வீடியோ காலில் வந்தாள். நான் வாழ்த்துச் சொல்லாததை அவள் கவனித்திருந்தாள். கோபம் இல்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மேடைக்கு ஆள் கிடைச்சிருச்சுங்க அத்தை. எங்க காலேஜ்தான், இந்த வருஷம் முடிச்ச பொண்ணு. சோமனூர்ப் பக்கம். அவுங்க ஊட்டுலயும் தறிதானுங்க."

என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"இருங்க, சொல்லிப்போடறேன். அவகிட்ட நான் எதையும் மறைக்கலீங்க. எதிர்ல உட்கார வெச்சு, இந்தக் காதுக்கருவியக் கழட்டிக் காமிச்சேன். எனக்கு என்ன ஆச்சு, எதுனால ஆச்சு, டாக்டர் என்ன சொன்னாரு, ஒண்ணு விடாமச் சொன்னேன். நல்லா யோசிச்சுக்க கண்ணு, இது திரும்பி வராதுன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

தாரிணி சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"எல்லாத்தையும் அமைதியாக் கேட்டுக்கிட்டா. 'சரிங்க அக்கா, நாளைக்கே வந்து சேர்ந்துக்கட்டுங்களா?'ன்னு கேட்டா."